எலுமிச்சைத் தோல், வெட்டிய புல், பட்டாணித் தோல்

2007 ஏப்ரல் 8, ஞாயிறு

காலையிலிருந்து புழுதிக்காற்று. ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி அடைத்தேன். எதிர்க்கட்டடம் பாதிதான் தெரிகிறது. அம்மா ஆறரைக்கே போய்விட்டாள். நர்சரியில் ஆயா வேலை, மூன்று மணிக்கு வருவாள். அப்பாவுக்கு இரண்டு மணிக்கு டியூட்டி, துபாயில், ஹோட்டலின் மீன் ரெஸ்டாரன்டில். அதுவரை ஷார்ஜா வீட்டில் நானும் அவரும்.

இது பழைய கெமிஸ்ட்ரி நோட்டு. பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். கெமிஸ்ட்ரியை யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள்.

அப்பா குளித்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்து சொன்னது: பதினெட்டாம் தேதி டெஸ்ட். புது மேனேஜர் வெயிட்டர்கள் எல்லாரையும் வரிசையாக உட்கார வைத்து வைனை முகரச் சொல்வாராம். பாஸானவர்களுக்குத்தான் விசா புதுப்பிக்க எழுதிக் கொடுப்பாராம். அப்பாவின் விசா மே மாதத்தோடு முடிகிறது. அம்மாவும் நானும் அந்த விசாவில்தான் இருக்கிறோம்.

அப்பாவுக்கு வாசனை தெரியாது.

இதை ஒரு முறையாவது எழுதிப் பார்க்க வேண்டும் என்றுதான் நோட்டை எடுத்தேன். போன ரமலானில் ஒரு வாரம் காய்ச்சல், கடும் சளி. எல்லாம் போயிற்று, மூக்கும் அதோடு போயிற்று. ஆறு மாதத்தில் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றாராம் கிளினிக் டாக்டர். இந்த மாதத்தோடு ஆறு. ஹோட்டலில் யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தது பால் தீய்ந்த அன்று. வீடு முழுக்கக் கருகல். பாத்ரூமிலிருந்து ஓடி வந்தேன். அப்பா அடுப்புக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் அடுப்பை அணைத்தேன். அவரே கொஞ்ச நேரம் கழித்து, "அம்மாகிட்ட சொல்லாத பாப்பா" என்றார்.

முன்பெல்லாம் லிஃப்டில் ஏறும்போதே "மூணாவது மாடில கருவாடு" என்பார்.

ஏப்ரல் 9, திங்கள்

புழுதி அடங்கியது. துணி இரண்டு பக்கெட். பாத்ரூம். வெங்காயம் தீர்ந்தது.

இன்று முதல் பாடம். பாட்டில் அப்பாவின் பையில், யூனிஃபார்முக்கு அடியில் வந்தது. இருமல் மருந்து பாட்டில், பழுப்பு நிறம், பாதி அளவுக்கு வைன். பாரில் மிஞ்சியதைப் பிடித்து வந்திருக்கிறார். துபாயில் எப்படியோ, ஷார்ஜாவில் இது ஒரு சொட்டு வைத்திருந்தாலும் போலீஸ். கதவைத் தாழ்போட்டேன்.

கால் உடைந்த வைன் கிளாஸ் ஒன்றும் கொண்டு வந்திருக்கிறார். டம்ளரில் வாசம் நிற்காதாம்.

"குடிக்கக் கூடாது. மூக்கு மட்டும். என்ன வருது?"

"தெரியலப்பா."

"தெரியலன்னு சொல்லக் கூடாது. எங்கயாவது மோந்திருப்ப. எங்கன்னு யோசி."

யோசித்தேன். எலுமிச்சை. சாறு இல்லை, தோலை நகத்தால் கீறினால் வருவது. அப்புறம் ஒன்று பச்சையாக வந்தது, பெயர் தெரியவில்லை. கண்ணை மூடினால் ஸ்கூல் பஸ். ரவுண்டானாவில் முனிசிபாலிட்டி ஆட்கள் மெஷினால் புல் வெட்டுவார்கள், பஸ் அதைச் சுற்றும்போது ஜன்னல் வழியாக வருமே, அது. சொன்னதும் அப்பா கட்டிலைத் தட்டினார்.

"அதான்! கட் கிராஸ். வெள்ளைக்காரனும் அதத்தாம்மா சொல்றான்."

இன்னொன்று பச்சைப் பட்டாணி உரித்த தோல். மூன்றையும் அப்பா சின்ன டைரியில் எழுதிக்கொண்டார்.

சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். எனக்கு ஸ்கூல் பஸ்தான் நினைவில் நின்றது. ஒன்பதாம் வகுப்பு பாதியில் அம்மாவின் ஆபரேஷனுக்காக டி.சி. வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனோம். ஐந்து மாதம் கழித்து வந்தால் சீட் இல்லை. அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த வருடமும் அதையே சொன்னார்கள். அப்புறம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு வாய் வராது.

இன்று வீட்டுக்கு வெளியே பேசிய சொற்கள்: இரண்டு. வெங்காயம். தேங்க்ஸ்.

ஏப்ரல் 11, புதன்

வெயில் ஏறிவிட்டது. ஏ.சி. தண்ணீர் சொட்டுகிறது, கீழே டப்பா வைத்தேன்.

ஹோட்டலில் கொடுத்த புத்தகத்தைப் படித்துச் சொன்னேன். அப்பா இங்கிலீஷ் நன்றாகப் பேசுவார், படிக்க நேரமாகும். இந்த வைனுக்கு இரண்டு வகைத் திராட்சை. செமியோன் என்று ஒன்று, சோவின்யோன் பிளாங்க் என்று ஒன்று. முதலாவது உடம்பு, இரண்டாவது வாசம் என்கிறார் அப்பா. ஊர் மார்கரெட் ரிவர், ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில். படத்தில் மேலே ஒரு முனை, கீழே ஒரு முனை, நடுவில் தோட்டங்கள். மூன்று பக்கம் கடல்.

"அது இந்து மகா சமுத்திரம்பா."

"நம்ம கடலுதான் அப்ப. தெக்கால போயிட்டே இருந்தா வந்துரும்."

எனக்கு எந்தக் கடலும் நம்ம கடல் இல்லை. இங்கே படகுகள் நிற்கும் க்ரீக்கில் டீசல் வாசம்.

பூக்கிற பருவத்தில் கடல்காற்று பலமாக அடித்தால் திராட்சைப் பூ உதிர்ந்துவிடுமாம். அங்கே மர்ரி என்று ஒரு காட்டு மரம் இருக்கிறது. அது நன்றாகப் பூத்த வருடம் குருவிகள் அந்தத் தேனைத் தேடிப் போய்விடும். பூக்காத வருடம் குருவிகளெல்லாம் திராட்சைமேல் விழும். அதனால் தோட்டக்காரர்கள் அறுவடைக்கு முன்னால் தங்கள் கொடியைப் பார்ப்பதைவிட அந்த மரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்களாம். அவர்கள் நட்டது இல்லை, தண்ணீர் ஊற்றியது இல்லை. ஆனாலும் அது பூக்க வேண்டும்.

இந்த வரியை இரண்டு முறை படித்தேன். "மேல போ பாப்பா" என்றார் அப்பா.

ஏப்ரல் 13, வெள்ளி

அம்மாவுக்கு லீவு. மூவரும் சூப்பர் மார்க்கெட். அம்மா அரிசிப் பக்கம் போனதும் அப்பா என்னைப் பழங்களுக்குக் கூட்டிப்போனார். புத்தகத்தில் பேஷன் ஃப்ரூட் என்று இருக்கிறது, நாங்கள் அதை முகர்ந்ததே இல்லை. சுருங்கிய ஊதா உருண்டை. நகத்தால் ஓட்டை போட்டேன். மலையாளிப் பையன் ஒருவன் எடை போடும் இடத்திலிருந்து பார்த்தான். உடம்பெல்லாம் எரிந்தது. முகர்ந்துவிட்டு அடியில் புதைத்து வைத்துவிட்டேன்.

"எப்புடி?"

"கொய்யாவும் புளிப்பு மிட்டாயும்."

"வைன்ல இருக்கா?"

"கடைசில. கொஞ்சூண்டு."

அம்மா அரிசி மூட்டையோடு வந்து, "என்ன ரெண்டு பேரும் குசுகுசுன்னு? இந்தப் பொண்ணு வாயத் தொறந்து பேசுறதே உங்ககிட்டதான்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஏப்ரல் 14, சனி. வருடப்பிறப்பு

பாயசம், வடை. வாசலில் சின்னக் கோலம், சாக்பீஸால்.

அப்பா முதல் கரண்டி பாயசம் வாயில் வைத்ததும், "ஏலக்காய் தூக்கலா போட்டிருக்க, பிரமாதம்" என்றார்.

அம்மா: "ஏலக்காயா? தீந்து போச்சு. நான் போடவே இல்லையே."

அப்பா இன்னொரு கரண்டி எடுத்துக்கொண்டார். பிறகு, "உன் கைல இருக்குடி அந்த வாசம்" என்று சொல்லிச் சமாளித்தார். அம்மா வெட்கப்பட்டாள். எனக்குப் பாயசம் இறங்கவில்லை. எது வந்தாலும் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறார். இல்லை என்று சொல்ல அவரால் முடியாது.

ஏப்ரல் 16, திங்கள்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

அப்பா இன்னொரு மருந்து பாட்டில் கொண்டு வந்தார். அதே வைன்தான், வேறு பாட்டிலிலிருந்து. நேற்று ஒரு டேபிளில் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்களாம். மேனேஜர் அதை மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டார். அதிலிருந்து அப்பா கொஞ்சம் பிடித்துக்கொண்டார்.

"ஏன் திருப்புனாங்கன்னு ஒண்ணும் புரியல. பெரிய எடத்து ஆளுங்க, சும்மாவும் திருப்புவாங்க. நீ மோந்து பாத்துச் சொல்லு, அதே மாதிரிதான இருக்கு?"

முகர்ந்தேன். எலுமிச்சை இல்லை. புல் இல்லை. மழையில் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி ஒரு வாசம். பழைய நியூஸ்பேப்பர். இன்னொரு முறை முகர்ந்தேன், அதேதான்.

உடனே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அப்பா காலியாகக் கொண்டு போன இந்த மருந்து பாட்டிலைச் சனிக்கிழமை கழுவி, சிங்க்குக்கு அடியில் போட்டிருக்கும் அட்டைமேல் கவிழ்த்துக் காயவைத்தது நான். அட்டை ஈரம். அந்த வாசம் ஏறிவிட்டது. இவ்வளவு ஆபத்துக்கு நடுவில் ஷார்ஜா வரை கொண்டு வந்ததை நான் கெடுத்துவிட்டேன். அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாளை மறுநாள் டெஸ்ட்.

"அதேதாம்பா" என்றேன்.

"எலுமிச்சை?"

"ம்."

"புல்லு?"

"ம்."

"அப்பச் சரி. திமிரு புடிச்சு திருப்பிருக்கானுவோ."

மிச்சத்தைக் கொட்டப் போனால் கிச்சனில் சாந்தி அக்கா. ஹாலில் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறார்கள், அக்காவும் அவர் கணவரும், நாகர்கோவில்காரர்கள். கிச்சன் இரண்டு குடும்பத்துக்கும் பொது.

"என்ன மக்களே, இருமல் மருந்தா? நல்லதாப் போச்சு. இவருக்கு நேத்துலேருந்து இருமலு, ரெண்டு மூடி தா."

"எக்ஸ்பயரி ஆயிட்டு அக்கா."

"அப்ப என்னத்துக்கு அதக் கட்டிப் புடிச்சிட்டு நிக்க? புள்ளை வாயத் தொறந்தா முத்து உதுந்துருமாக்கும், பேசுகதே இல்ல. இன்னைக்கு ரெண்டு முத்து விழுந்திருக்கு!"

சிரித்துக்கொண்டே கதவருகில் நின்றுவிட்டார். நான் பாட்டிலோடு ரூமுக்கு வந்து, அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

ஏப்ரல் 17, செவ்வாய்

காற்று திசை மாறியிருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் டீசல் இல்லாத கடல், உப்பு மட்டும். வைனில் கடல்காற்றின் உப்பு வரும் என்று புத்தகம் சொல்வது இதைத்தான் போலிருக்கிறது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டப் பார்த்தேன். எதைக் காட்டுவது?

ஒத்திகை மூன்று முறை. அப்பா துண்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு, கிளாஸைச் சுழற்றி, மூக்கருகில் கொண்டு போய், கண்ணை லேசாக மூடி, இங்கிலீஷில் சொல்கிறார். எலுமிச்சைத் தோல். வெட்டிய புல். பட்டாணித் தோல். கடைசியில் கொஞ்சம் பேஷன் ஃப்ரூட். பின்னால் கடல்காற்றின் உப்பு. ஒரு சொல் தவறவில்லை. கிளாஸில் இருந்தது பச்சைத் தண்ணீர்.

"எப்புடி, டீச்சர்?"

அட்டை விஷயத்தைச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். இப்போது எதற்கு, பாட்டிலைக் கழுவத் தெரியாதவள் என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது.

ஏப்ரல் 18, புதன்

டெஸ்ட் பதினொரு மணிக்கு. அப்பா எட்டரைக்கே கிளம்பினார். ஷூ இரண்டு முறை துடைத்தார். சாமி படத்துக்கு முன்னால் நின்றார், ஊதுவத்தி ஏற்றினார், புகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

10.00 பருப்பு வேகவைத்தேன்.
11.00 உட்கார்ந்திருந்தேன்.
12.00 பருப்பு அடிப்பிடித்தது. முகர்ந்தும் எழவில்லை.
3.10 அம்மா வந்தாள்.
4.30 அப்பா வந்தார். டியூட்டி நாளில் நாலரைக்கு வந்ததே இல்லை.

அம்மா: "என்னங்க, உடம்பு சரியில்லையா?"

அப்பா ஷூவைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். காய்ச்சலிலிருந்து ஆரம்பித்தார். அம்மா நின்றுகொண்டே கேட்டாள்.

"ரெண்டு கிளாஸ் வச்சாரு. ரெண்டும் ஒரே வைன்தான், எதை டேபிளுக்குக் கொண்டு போவே, எதைத் திருப்புவேன்னு கேட்டாரு. ரெண்டையும் மோந்தேன். ரெண்டையும் கொண்டு போவேன்னேன். ஏன்னாரு. பாப்பா சொல்லிக் குடுத்ததை ஒரு வார்த்தை விடாம சொன்னேன். ரெண்டாவது கிளாஸுக்கு இன்னும் நல்லாவே சொன்னேன்."

ரெண்டாவது கிளாஸ் கெட்டுப்போனது. ஞாயிற்றுக்கிழமை திருப்பி அனுப்பிய அதே பாட்டில். பாட்டிலை மூடுகிற மரத்தக்கை கெட்டிருந்தால் வைனில் ஒரு நாற்றம் வந்துவிடுமாம். புதிதாக வருவதெல்லாம் திருகு மூடி, அதில் இந்தத் தொல்லை இல்லை. இது பழைய ஸ்டாக். வேலைக்கு வந்து மூன்று மாதமான நேபாளிப் பெண் கிளாஸைத் தூக்கியதுமே முகத்தைச் சுளித்தாளாம்.

"நான் பேசி முடிச்சதும் யாரும் சிரிக்கல. சிரிச்சிருந்தா பரவால்ல. மேனேஜர் எல்லாரையும் வெளில அனுப்பிட்டு, எத்தன நாளான்னு கேட்டாரு. மரியாதையாத்தான் கேட்டாரு."

"என்ன நாத்தம் அது?" என்று அம்மா கேட்டாள். அவளுக்கு வேறு எதைக் கேட்பது என்று தெரியவில்லை.

"ஈர அட்டை. நனைஞ்ச அட்டைப்பொட்டி. பதினாலு வருஷமா நூறு பாட்டிலாவது நானே திருப்பிருக்கேன்."

ஏப்ரல் 19, வியாழன்

அம்மா லீவு போட்டுவிட்டாள். காலையிலிருந்து அழுகை, அப்புறம் கோபம். "ஆறு மாசமா அப்பனும் பொண்ணும் சேந்து என்னைய முட்டாளாக்கிட்டீங்க. கேஸு லீக்கானா என்னங்க பண்ணியிருப்பீங்க? தனியா வீட்டுல இருக்கீங்களே!" பாயசத்தை நினைத்துக்கொண்டு மறுபடி அழுதாள்.

அவர்கள் ரூமில் இருக்கும்போது கிச்சனுக்குப் போனேன். முதல் நாள் வந்த பாட்டில் காலியாக ஷெல்ஃபில் இருக்கிறது. அதையும் அதே சனிக்கிழமை, அதே அட்டைமேல்தான் கவிழ்த்துக் காயவைத்தேன். மூடியைத் திறந்து முகர்ந்தேன். ஒன்றுமில்லை. கண்ணாடி வாசம்கூட இல்லை. சிங்க்குக்கு அடியில் குனிந்து அட்டையை முகர்ந்தேன். சோப்பு.

அட்டை இல்லை. நான் கழுவியதில் தப்பு இல்லை. வைன்தான்.

என் மூக்கு சரியாகச் சொன்னது. நான்தான் சொல்லவில்லை. திங்கட்கிழமை "நனைஞ்ச அட்டை மாதிரி இருக்குப்பா" என்று ஒரே வரி சொல்லியிருந்தால் அப்பாவுக்கு உடனே தெரிந்திருக்கும். மேனேஜர் ஏன் அந்தப் பாட்டிலை எடுத்து வைத்தார் என்றும் தெரிந்திருக்கும். ஒரே வரி.

சாப்பிடவில்லை. வயிற்றுவலி என்றேன்.

ஏப்ரல் 20, வெள்ளி

கீழே கிரிக்கெட் ஆடும் சத்தம். அம்மா பெட்டிகளை இறக்கித் துடைக்கிறாள்.

முடிவு வந்துவிட்டது. விசா புதுப்பிக்க மாட்டார்கள். மே மாதக் கடைசியில் கேன்சல். மேனேஜர் நல்ல சர்டிஃபிகேட் எழுதித் தருவாராம். மீன் ரெஸ்டாரன்டில் மூக்கு இல்லாத ஆளை வைத்துக்கொள்ள முடியாது, அது தன் தப்புதான் என்கிறார் அப்பா. வேலையை விடப்போவதை நர்சரியில் அம்மாவும் சொல்ல வேண்டும். சாந்தி அக்காவுக்கு விஷயம் தெரிந்ததிலிருந்து எங்களுக்கும் சேர்த்து மீன்குழம்பு வைக்கிறார், கேலி ஒன்றும் இல்லை. அதுவே பயமாக இருக்கிறது.

ஊருக்குப் போனால் நான் என்ன? பதினாறு வயதில் ஒன்பதாம் வகுப்பா? யாரும் இதைப் பற்றிப் பேசவில்லை. நானும்.

மத்தியானம் அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நீ ஏன் சாப்புடாம கெடக்க? உன் மேல ஒண்ணும் இல்ல பாப்பா. நல்லது எப்புடி இருக்கும்னு மட்டும்தான் உன்கிட்ட கேட்டேன். கெட்டது எப்புடி இருக்கும்னு சொல்லிக் குடுக்கவே இல்லையே. எனக்கே தோணல, பாரேன்."

சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்கு மேனேஜர் ஒண்ணு சொன்னாரு. மொதக் கிளாஸுக்கு நீ சொன்னது அத்தனையும் சரி, இவ்வளவு சுத்தமா எந்த வெயிட்டரும் சொன்னதில்லன்னாரு. அது நீதான்."

எழுந்து பாத்ரூமுக்குப் போய் குழாயைத் திறந்துவிட்டேன்.

ஏப்ரல் 22, ஞாயிறு

மறுபடி புழுதி. ஈரத்துணி.

அம்மா நர்சரிக்குப் போனாள். அப்பா டியூட்டிக்குப் போகும் வரை எனக்குச் சொல்ல நேரம் இருந்தது. ஏழு மணியிலிருந்து மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். அப்பா, திங்கட்கிழமை பாட்டிலில். அப்பா, அன்றைக்கு நான் முகர்ந்தபோது. எட்டு முறை.

பத்து மணிக்கு அப்பாவே அரிசி அளக்கப் போய் டப்பாவுக்குப் பின்னாலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்துவிட்டார்.

"இன்னும் இருக்கா இது? நீ கொட்டிட்டன்னுல்ல நெனச்சேன்."

மூடியைத் திறந்தார். பழக்கத்தில் மூக்கருகில் கொண்டு போனார். வெகு நேரம் வைத்திருந்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"ஆறு மாசமும் முடிஞ்சிபோச்சு. இனிமே எனக்கு வரப் போறதில்ல. கடைசியா ஒரு தடவ சொல்லு பாப்பா. கண்ண மூடிக்கிறேன்."

உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் பாட்டிலை வாங்கி முகர்ந்தேன். நனைந்த அட்டை. பழைய நியூஸ்பேப்பர். முன்பைவிட அதிகம்.

இப்போது சொல், இப்போது சொல் என்று எனக்கே கேட்டது.

"எலுமிச்சைத் தோல்" என்றேன்.

"ம்."

"வெட்டுன புல்லு. ரவுண்டானால."

"ம்."

"கடைசில பேஷன் ஃப்ரூட். கொஞ்சூண்டு. அப்பறம் கடல்காத்து."

அப்பா கண்ணைத் திறக்காமல் சிரித்தார்.

"பட்டாணித் தோல விட்டுட்டியே" என்றார்.